திரைக்கு அந்தப் பக்கம் மருத்துவர்: இயங்கலை ஆலோசனைக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவோம்

தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் மருத்துவக் கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் மருத்துவ மாணவி அல்லள். நோயைப் பற்றி எழுதவும் வரவில்லை. நோயைச் சொல்லும் மொழியைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். மருத்துவரைக் கைப்பேசித் திரையில் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அந்தத் திரையின் முன்னால் உட்காரும் நம் தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் உட்காரப்போவது நாம்தான். அதற்கு எப்படி ஆயத்தமாவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்திட்டம் நம் நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. 1996ஆம் ஆண்டு பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பட்டபோதே தொலைமருத்துவம் அதன் முதன்மைப் பயன்பாடுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. 1997இல் தொலைமருத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் சாதாரண மக்களின் வீட்டுக்குள் இது நுழைந்தது கொவிட்-19 காலத்தில்தான். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அடுத்த மாதமே மலேசிய மருத்துவ மன்றம் மெய்நிகர் ஆலோசனை குறித்து மருத்துவர்களுக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது. தொற்று அடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை.

நம் தலைமுறை ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. தமிழ்ப்பள்ளியில் உடல் உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் கற்றோம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவை செய்யும் வேலையை மலாயில் கற்றோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறோம். பாட்டியோ தன் வலியைத் தோட்டத்துத் தமிழில் சொல்கிறார். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கிறார். நேரில் போகும்போது பாட்டி கையை வைத்துக் காட்டுவார், முகம் சுளிப்பார், மருத்துவர் தொட்டுப் பார்ப்பார். திரையில் அந்தத் தொடுதல் இல்லை. அப்போது சொல்லின் பாரம் கூடிவிடுகிறது.

1. எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது?

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு போன்ற நெடுநாள் நோய்களின் தொடர் கண்காணிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு பற்றிய விளக்கம், மருந்து பற்றிய ஐயங்கள், சாதாரணச் சளி இருமல், தோலில் தெரியும் தடிப்பு, மனநல ஆலோசனை போன்றவை திரைவழி பெரும்பாலும் நடக்கக்கூடியவை.

ஆனால் சிலவற்றுக்குத் திரை ஆகாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நினைவு தப்புதல், வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு உடனே 999. பக்கவாதத்துக்கு மூன்று அறிகுறிகளை நினைவில் வையுங்கள்: முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சு குழறுதல். மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் காத்திருக்கக்கூடாது. அது தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

காய்ச்சலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டெங்கி உள்ள நாட்டில் வாழ்கிறோம். டெங்கியை உறுதிப்படுத்த இரத்தப் பரிசோதனை தேவை. திரையால் அது முடியாது. காய்ச்சலோடு கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தக்கசிவு, அளவுமீறிய சோர்வு இவற்றில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் பலருக்கு ஆபத்து தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுப்போச்சு" என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

2. சில நாள்களுக்கு முன்பே செய்ய வேண்டியவை

அ) மருந்துப் பை: வீட்டில் எல்லா இடத்திலும் இருக்கும் மருந்துகளை ஒரே பையில் சேருங்கள். சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒன்று, பாட்டியின் கைப்பையில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். பெயரோடு அளவையும் எழுதுங்கள். அம்லோடிபின் என்றால் 5 மில்லிகிராமா, 10 மில்லிகிராமா? மெட்ஃபோர்மின் என்றால் 500ஆ, 850ஆ? "வெள்ளை மாத்திரை, வட்டமா இருக்கும்" என்பது மருத்துவருக்கு உதவாது. நாட்டு மருந்து, சத்து மாத்திரை, கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள். வலி மாத்திரைகளில் சில, சிறுநீரகத்தைப் பாதிக்கும்; இரத்த அழுத்தத்தையும் கூட்டும். யாரோ கொண்டுவந்து விற்ற மூட்டுவலி மருந்தில் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இல்லையென்றால், அதைத் தனியாக எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டு என்பதையும் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

ஆ) அளவீடுகள்: இரத்த அழுத்தக் கருவி இருந்தால் சில நாள்கள் காலையிலும் மாலையிலும் எடுத்துக் குறியுங்கள். அதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, புகை, கடும் வேலை வேண்டாம். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய, 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை, நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். நல்ல எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதுவது பரீட்சையில் பார்த்து எழுதுவதைப் போன்றது.

இ) சர்க்கரை அளவு: இங்கே ஒரு மொழிக் குழப்பம் அன்று, அலகுக் குழப்பம் இருக்கிறது. நம் நாட்டில் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். தமிழகத்து மருத்துவர்களின் காணொளிகளில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். வெறும் வயிற்றில் 7.0 என்பதும் 126 என்பதும் ஒன்றுதான். காணொளியில் "நூறுக்குள்ள இருக்கணும்" என்று கேட்டுவிட்டு, "எனக்கு 11தானே இருக்கு" என்று மகிழ்ந்துவிடக்கூடாது. 11 என்பது அங்கே 198.

ஈ) ஒரு பக்கக் குறிப்பு: எங்கே வலி, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்ட வலி, எத்தனை முறை வருகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, வேறு எங்கும் பரவுகிறதா, கூடவே வேறு என்ன இருக்கிறது. இந்த எட்டுக் கேள்விகளுக்கும் விடையை முன்பே பாட்டியிடம் கேட்டு எழுதிவிடுங்கள். கடைசியில், "டாக்டர்கிட்ட நீங்க என்ன கேக்கணும் பாட்டி?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். ஆலோசனை நேரம் குறைவு. முக்கியமானதைக் குறிப்பின் மேலே வைப்போம்.

3. சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்

இப்பகுதியே இக்கட்டுரையின் உயிர். நம் வீட்டுத் தமிழில் ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மருத்துவரிடம் கொண்டுபோகும் முன் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

மயக்கம்: அறை சுற்றுகிறதா? கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? உண்மையிலேயே நினைவு தப்பி விழுந்தாரா? மூன்றுக்கும் நாம் மயக்கம் என்றுதான் சொல்கிறோம். மலாயில் முதலாவதற்குப் பெனிங், இரண்டாவதற்குப் பீத்தாம், மூன்றாவதற்குப் பெங்சான் என்று சொல்லலாம். மூன்றுக்கும் மருத்துவர் போகும் வழி வேறு வேறு. ஒருமுறை என் பாட்டி, "ரெண்டு நாளா மயக்கமா இருக்கு கண்ணு" என்றார். எப்போது என்று கேட்டேன். "காலைல படுக்கையை விட்டு எந்திரிக்கிறப்போ. கண்ணு கட்டிட்டு வருது. கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடும்." இதை அப்படியே மருத்துவரிடம் சொன்னேன். அவர் உடனே இரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் பட்டியலைக் கேட்டார். எழும்போது கட்டிலோரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார். உட்கார்ந்தும் நின்றும் அழுத்தத்தை அளந்து பார்க்க நேரில் வரச் சொல்லி நாளும் குறித்தார். மயக்கம் என்ற ஒற்றைச் சொல் இவ்வளவையும் தந்திருக்காது.

நெஞ்சு: நெஞ்சு என்றால் மார்பு, சிலருக்கு மேல்வயிறு, சிலருக்கு மனம். "நெஞ்சு கரிக்குது" என்றால் பெரும்பாலும் புளித்த எரிச்சல். மலாயில் பெடிஹ் ஊலு ஹாத்தி. "நெஞ்சு அடைக்குது" என்றால் அது வேறு. அழுத்தமா, மூச்சு முட்டலா என்று கேட்க வேண்டும். விரலால் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேமராவிலும் காட்டுங்கள்.

வாயு: நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ என்ன வந்தாலும் நம் வீடுகளில் "வாயுப் பிடிப்பு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மலாய் நண்பர்கள் வீட்டிலும் ஆங்கின் என்று இதே பழக்கம் உண்டு. வாயு என்பது பாட்டியின் கணிப்பு, அறிகுறி அன்று. முதியவர்களுக்கும் பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு சில வேளைகளில் பெரிய நெஞ்சு வலி இல்லாமலேயே வரும். மேல்வயிற்றில் அசௌகரியம், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்குதல், காரணமில்லாத அசதி ஆகியவையாக வெளிப்படும். அப்படி இருக்கும்போது ஓம நீரைக் கலக்கிக் கொடுத்துவிட்டு நாளைய ஆலோசனைக்குக் காத்திருக்கக்கூடாது. 999ஐ அழையுங்கள்.

இளைப்பு: "இளைக்குது" என்றால் மூச்சிரைக்கிறது, செசாக் நாஃபாஸ். "இளைச்சுப் போயிட்டேன்" என்றால் எடை குறைந்துவிட்டது. தூரூன் பெராட் பாடான். ஓரெழுத்து மாற்றத்தில் நுரையீரல் கேள்வி உடல் எடைக் கேள்வியாகிவிடுகிறது.

படபடப்பு: பயமா, இதயத் துடிப்பா, சர்க்கரை இறங்கியதா? கை நடுக்கம், வியர்வை, பசி கூடவே இருந்தால் அந்த நேரத்திலேயே சர்க்கரையை அளக்க வேண்டும். 4.0க்குக் கீழே இருந்தால் அது தாழ்வு. முதலில் சர்க்கரை நீர் கொடுத்துவிட்டுப் பிறகு பேசலாம். மலாயில் பெர்டெபார்.

சூடு: "உடம்பு சூடா இருக்கு" என்பது காய்ச்சலாகவும் இருக்கலாம்; பலாப்பழம் சாப்பிட்டதால் வந்த "சூடு" ஆகவும் இருக்கலாம். வெப்பமானி வைத்து எண்ணைச் சொல்லுங்கள். "சூட்டுல நீர்க்கடுப்பு" என்று பாட்டி சொன்னால், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம். இளநீரோடு விட்டுவிட முடியாது.

மரத்துப் போதல்: மலாயில் கெபாஸ். இனிப்பு நீர் உள்ளவருக்குப் பாதம் மரத்திருந்தால், கூடவே புண் உண்டா என்று விரலிடுக்கு வரை பார்த்து, கேமராவிலும் காட்ட வேண்டும். வலிக்காத புண் என்று அலட்சியப்படுத்தக்கூடாது. வலி தெரியாததுதான் அங்கே ஆபத்து.

வலி வகைகளுக்குத் தமிழில் இருக்கும் வளம் வியப்பூட்டும்: குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. குத்தலுக்கு மலாயில் மென்சூச்சோக் உண்டு. எரிச்சலுக்குப் பெடிஹ். தெறிப்புக்குப் பெர்டெஞூட். குடைச்சலுக்கு நேரான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சொல்லைத் தேடி அலையாமல், "எலும்புக்குள்ளே, விடாமல், இரவில் அதிகம்" என்று விவரித்துவிடுவதே நல்லது.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மருத்துவர் கேட்பார். பாட்டிக்கு அந்தக் கணக்கு பிடிபடாது. "தண்ணி வாளியைத் தூக்க முடியுதா? ராத்திரி தூங்குறீங்களா? கோவிலுக்கு நடந்து போனீங்களா?" என்று கேளுங்கள். அந்த விடைகளையே மருத்துவரிடம் கொடுக்கலாம்.

4. அன்றைய நாளில்

வெளிச்சம் முகத்தின் மேல் விழட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் மருத்துவர் பார்ப்பது நிழலைத்தான். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் டப்பாவின் மேல் சாய்த்து வையுங்கள். மின்னூட்டியைச் செருகியே வைத்திருங்கள். இணைப்பு துண்டித்தால் அழைப்பதற்கு இன்னோர் எண்ணையும் முன்பே கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை, மருந்துப் பை, குறிப்புத்தாள், பேனா, கண்ணாடி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மருந்துப் பையை மறந்து நடுவில் எழுந்து ஓடினால் ஐந்து நிமிடம் போய்விடும்.

தனியார் தளம் என்றால், மருத்துவரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்; பதிவு பெற்றவரா என்பது தெரிந்துவிடும். தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்புக்கு அடையாள அட்டைப் படத்தை அனுப்ப வேண்டாம்.

விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்கள் தங்கள் சொந்த ஆலோசனைக்கும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். அறைத்தோழர் பக்கத்தில் இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மனநலம் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் தனியறை தேடுங்கள். காதுக்கருவி போட்டாலும் நம் குரல் வெளியே கேட்கும்.

5. பக்கத்தில் உட்காருபவருக்கு ஐந்து விதிகள்

ஒன்று, நோயாளியை முதலில் பேச விடுங்கள். திரையில் நடுவில் பாட்டி, ஓரத்தில் நீங்கள்.

இரண்டு, சுருக்காதீர்கள். பாட்டி இரண்டு நிமிடம் பேசியதை "கால் வலியாம்" என்று முடித்துவிட்டால் நோயின் பாதி போய்விடும்.

மூன்று, கூட்டாதீர்கள். இணையத்தில் நீங்கள் படித்த நோயின் பெயரைப் பாட்டியின் வாயில் வைக்காதீர்கள். உங்கள் கருத்து என்றால், "இது நான் கவனித்தது" என்று தனியாகச் சொல்லுங்கள்.

நான்கு, "ஒன்னும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று பாட்டி சொன்னால் அதையும் மொழிபெயருங்கள். பிறகு, "பாட்டி, நேத்து ராத்திரி சொன்னீங்களே, அதையும் சொல்லலாமா?" என்று அவரிடமே அனுமதி கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் நோயை மறைக்கும் தலைமுறை அது. மரம் சீவிய காலத்தில் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்களுக்கு வலியைச் சொல்வது குறைப்பட்டுக்கொள்வதாகத் தோன்றும்.

ஐந்து, மானத்தை மதியுங்கள். பேரன் பக்கத்தில் இருக்கும்போது சிறுநீர், மாதவிலக்கு, மார்பகம் பற்றிப் பாட்டியோ அம்மாவோ வாய் திறக்க மாட்டார்கள். அத்தையோ சித்தியோ உட்காரட்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, தமிழ் பேசும் மருத்துவர் இருக்கிறாரா என்றோ முன்பதிவின்போது கேட்பதில் தவறில்லை.

6. திரை அணைந்த பிறகு

ஆலோசனை முடியும் முன்பே, "டாக்டர் என்ன சொன்னாரு, நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று பாட்டியிடம் கேளுங்கள். அவர் சொல்வது தவறாக இருந்தால் மருத்துவர் திரையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம். என்ன நடந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும், அடுத்த ஆலோசனை எப்போது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

மருந்துறையில் மாக்கான் 2 பீஜி 3 காலி செஹாரி என்று அச்சிட்டிருக்கும். எண் இரண்டும் எண் மூன்றும் பாட்டிக்குக் கண்ணில் படும். எது மாத்திரை, எது வேளை என்பது படாது. ஒருவேளைக்கு 2 மாத்திரை, ஒரு நாளைக்கு 3 வேளை. செபெலும் மாக்கான் என்றால் சாப்பாட்டுக்கு முன். செலெபாஸ் மாக்கான் என்றால் பின். ஒவ்வோர் உறையின் மேலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: காலை 2, மதியம் 2, இரவு 2, சாப்பிட்ட பின். தமிழ்ப்பள்ளியில் நாம் கற்ற எழுத்து இதைவிடப் பயனுள்ள இடத்தில் நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.

நிறைவாக

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளான 950ஆவது குறள், மருத்துவம் என்பதை நான்கு பேரின், நான்கு பொருளின் கூட்டாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். நான்காமவரை வள்ளுவர் விட்டுவிடவில்லை. மருத்துவரும் மருந்தும் இருந்தும் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் மருத்துவம் நிறைவடையாது என்பதே அதன் பொருள்.

இன்று முதலிருவர் வேறு வேறு இடத்தில் இருக்கிறார்கள். மருந்து தபாலில்கூட வருகிறது. நான்காமவர் மட்டும் வீட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும். மூன்று மொழி தெரிந்த நமக்கு அந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நண்பர்களே, அடுத்த பருவ விடுமுறைக்கு வீடு திரும்பும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஆலோசனைக்கு நாள் குறிக்கும் வரை காத்திராமல், ஒரு மாலைப் பொழுதில் வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் மேசையில் கொட்டிப் பட்டியல் எழுதுங்கள். தாத்தா பாட்டி தம் உடம்பைப் பற்றி எந்தச் சொற்களால் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். அந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாகக் கிடைக்காது; தேவைப்படும் நாளில் தேட நேரமும் இருக்காது.